உப்பு நீரும் ஒரு மாணவியின் கேள்வியும்



இஃது என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்வதற்காக எழுதும் கட்டுரை. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பூக்கும் தாவரம், பூவாத் தாவரம் பற்றிய பேச்சு. பாடநூலில் இல்லாத ஒன்றைச் சொல்லிப் பிள்ளைகளை வியக்க வைக்க வேண்டும் என்னும் ஆசை எனக்கு வந்துவிட்டது. வெண்பலகையில் ஓர் ஏணியை வரைந்தேன். அடியில் கடல், முதற்படியில் கடற்பாசி, அதற்கு மேல் சுவரில் படரும் பாசி, அதற்கு மேல் பெரணி, உச்சியில் பூத்துக் குலுங்கும் மரம். செடிகொடிகள் யாவும் ஒரு காலத்தில் கடலில் வாழ்ந்தவை, பின்னர் மெல்ல மெல்லக் கரையேறியவை என்று விளக்கினேன். பயிற்சிக் கழகத்தில் படித்த காலத்தில் என் குறிப்பேட்டில் நானே வரைந்து வைத்திருந்த ஏணி அது. பல ஆண்டுகளாக அதையே வரைந்து வந்தேன்.

அன்று ஒரு மாணவி எழுந்து நின்றாள். "டீச்சர், எங்க பாட்டி வாசல்ல முளைக்கிற புல்லுக்கு உப்புத் தண்ணி ஊத்துவாங்க. ரெண்டு நாள்ல புல்லு செத்துப் போயிடும். கடல் தண்ணியும் உப்புதானே? அப்போ கடல்ல இருந்த செடி எப்படி டீச்சர் கரையில புல்லா ஆச்சு?"

"மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது" என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு விடை கிடைக்கவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் கிடைக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரிந்தது.

பின்னர் ஒரு பள்ளி விடுமுறையில் இதைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது. அந்தப் பிள்ளையின் ஐயம் சரியானது. என் ஏணிதான் தவறானது. நிலத் தாவரங்கள் கடலிலிருந்து வரவில்லை. குளம், குட்டை, ஈரமண் ஆகியவற்றில் வாழ்ந்த நன்னீர்ப் பாசி இனத்திலிருந்து வந்தவை அவை. இதனை மனிதர்கள் கண்டறிய ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றை இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழில் குளத்தில் மிதப்பதும் பாசிதான். மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரில் மெத்தைபோல் படர்வதும் பாசிதான். மலாய் மொழியிலும் இதே நிலைமை. 'லூமுட்' என்னும் ஒரே சொல் இரண்டையும் குறிக்கும். பேராக் மாநிலத்துக் கடலோர நகரின் பெயரும் அதுவே. அறிவியல் இவற்றை வெவ்வேறாகப் பிரிக்கிறது. குளத்தில் இருப்பது ஆல்கா. அதற்கு வேருமில்லை, தண்டுமில்லை, இலையுமில்லை. சுவரில் மெத்தையாக வளர்வது மாஸ். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் குட்டித் தண்டும் குட்டி இலைகளும் தெரியும். அது நிலத் தாவரம். இக்கட்டுரையில் முன்னதை நீர்ப்பாசி என்றும் பின்னதை நிலப்பாசி என்றும் அழைக்கிறேன். நம் முன்னோர் இரண்டுக்கும் ஒரே பெயரிட்டது அறியாமையால் அன்று. கண்ணுக்குத் தெரிந்த ஒற்றுமையால். அந்த ஒற்றுமைக்குப் பின்னால் ஓர் உறவும் இருக்கிறது.

வரலாறு ஓர் இசைக் கடையில் தொடங்குகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இசை நூல் வெளியீட்டாளர் ஒருவரின் மகனாக 1824ஆம் ஆண்டு பிறந்தவர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர். அவர் பல்கலைக்கழகத்தில் படித்தவரல்லர். பகலில் தந்தையாரின் தொழிலைக் கவனித்தார். கடை திறக்கும் முன் விடியற்காலையில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார். கிட்டப்பார்வை மிகுதியாக உடையவர். எதையும் கண்ணருகே கொண்டு சென்றே பார்ப்பார். 1851இல், தம் 27ஆம் வயதில், நிலப்பாசி முதல் ஊசியிலை மரம் வரையிலான தாவரங்களின் இனப்பெருக்கத்தை ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். பின்னாளில் அந்தக் கடைக்காரரை ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் பேராசிரியராகவே அழைத்துக்கொண்டது.

அவர் கண்டது இதுதான். நிலத் தாவரம் ஒவ்வொன்றும் இரண்டு தலைமுறைகளாக வாழ்கிறது. ஒரு தலைமுறை ஆணணுவையும் முட்டையையும் உண்டாக்கும். அவை சேர்ந்து பிறக்கும் அடுத்த தலைமுறை சிதல்களை உண்டாக்கும். சிதல் என்பது கண்ணுக்கு எளிதில் தெரியாத தூள்; அது மண்ணில் விழுந்து முளைத்தால் மீண்டும் முதல் தலைமுறை. நிலப்பாசியில் நாம் பச்சையாகக் காண்பது முதல் தலைமுறை. அதன் தலையில் ஊசி போன்ற காம்பும் காம்பின் நுனியில் சிறு கூடும் நிற்குமே, அது இரண்டாம் தலைமுறை. பிள்ளை தாயை விட்டு இறங்காமல் தலைமேலேயே நின்று உண்கிறது. பெரணியிலோ நிலைமை தலைகீழ். நாம் தொட்டியில் வளர்க்கும் பெரணி இரண்டாம் தலைமுறை. முதல் தலைமுறை மண்ணோடு ஒட்டிக் கிடக்கும், விரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடு. பூக்கும் மரத்தில் முதல் தலைமுறை இன்னும் சுருங்கி மகரந்தத் தூளுக்குள்ளும் சூலுக்குள்ளும் ஒளிந்துகொண்டது.

வேறு வேறாகத் தோன்றிய தாவரங்களை ஒரே நூலில் கோத்தார் ஹோஃப்மைஸ்டர். எட்டு ஆண்டுகள் கழித்து, 1859இல் டார்வினின் நூல் வெளிவந்தபோது அந்தக் கோவைக்குப் பொருள் கிடைத்தது. இவை ஒரே குடும்பம். ஆகவேதான் ஒரே வாழ்க்கைமுறை.

அப்படியானால் குடும்பத்தின் மூதாதை யார்? கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஃபிரடெரிக் பவர் 1908இல் வெளியிட்ட பெரு நூல் இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. நன்னீர்ப் பச்சைப் பாசிகள் பெரும்பாலானவற்றின் வாழ்வில் இரண்டாம் தலைமுறை என்று சொல்லத்தக்க உடல் இல்லை. கருவுற்ற முட்டை நேரே பிளந்து புதிய பாசிகளாகிவிடும். நிலத்தில் மட்டும் எதற்கு இந்த இரண்டாம் உடல்? பவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆணணு முட்டையை நோக்கி நீந்திச் செல்ல நீர் வேண்டும். குளத்தில் நீருக்குப் பஞ்சமில்லை. நிலத்திலோ மழை பெய்த பொழுதுதான் வாய்ப்பு. எப்போதாவது ஒரு முறை கிடைக்கும் அந்தக் கருவுறுதலிலிருந்து ஒரு பிள்ளை மட்டும் பிறந்தால் குடும்பம் அழிந்துவிடும். ஆகவே கருவுற்ற முட்டை தாயிடமே தங்கி, உண்டு, வளர்ந்து, ஆயிரமாயிரம் சிதல்களை உண்டாக்கும் உடலாக மாறியது. ஒரே மழையில் கிடைத்த பேற்றை ஆயிரமாகப் பெருக்கிக்கொள்ளும் வழி. தாவர உலகிலும் கருவைத் தாய் சுமக்கிறாள் என்பதை நான் இந்த வயதில்தான் அறிந்தேன்.

என் ஏணிக்கும் ஒரு மூதாதை உண்டு. 1919இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆர்தர் ஹாரி சர்ச் என்பார், நிலத் தாவரங்கள் பெரிய கடற்பாசிகளின் வழித்தோன்றல்கள் என்று எழுதினார். கடலடி மெல்ல உயர்ந்து நீர் வற்றியபோது, முன்னமே கிளைகளும் பற்றுறுப்புகளும் பெற்றிருந்த கடற்பாசிகள் அப்படியே நிலத் தாவரங்களாயின என்பது அவர் கருத்து. சாதாரண மனிதரல்லர் அவர், கருத்தும் அறிவார்ந்ததே. ஆயினும் தவறு.

இவையெல்லாம் உயிருள்ள செடிகளை வைத்துச் செய்த ஊகங்கள். கல்லில் சான்று வேண்டாமா? முதற்சான்று கனடாவிலிருந்து வந்தது. வில்லியம் டாசன் நம்மினத்தவர்; நோவா ஸ்கோஷியாவின் கல்விக் கண்காணிப்பாளராக ஊர் ஊராகச் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டவர். பின்னர் மெக்கில் கல்லூரிக்கு முதல்வரானார். அவர் காஸ்பே கடற்கரையில் கிடைத்த ஒரு புதைபடிவத்தை 1859இல் விவரித்தார். சைலோஃபைட்டான் என்று பெயரிட்டார். ஏறத்தாழ இலையே இல்லாத, கவைகவையாகப் பிரியும் வெறும் தண்டு. இப்படியும் ஒரு செடி இருக்குமா என்று பலர் நம்பவில்லை. அவர் வரைந்த படத்தில் வேறு செடிகளின் துண்டுகளும் கலந்திருந்தது உண்மைதான். இதில் ஒரு வேடிக்கை. டாசன் டார்வினின் கொள்கையை இறுதிவரை ஏற்காதவர். அக்கொள்கைக்குப் பின்னாளில் பெருந்துணையான கல்லை அவரே எடுத்து வைத்தார்.

அடுத்த சான்று ஒரு வேலிச் சுவரில் இருந்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயர் வட்டாரத்தில் ரைனி என்பது ஒரு சிற்றூர். அப்பக்கத்து எல்கின் நகர மருத்துவர் வில்லியம் மேக்கி, ஓய்வு நேரங்களில் பாறைகளை ஆராய்பவர். 1912ஆம் ஆண்டு வாக்கில் ரைனி வயல்களில் நடந்தபோது, கற்களை அடுக்கிக் கட்டிய வேலிச் சுவர்களில் சிக்கிமுக்கி போன்ற ஒரு கல்லைக் கண்டார். அதைத் தாள்போல் மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தபோது உள்ளே செடித் தண்டுகள் குறுக்காக வெட்டப்பட்டு நின்றன. ஒவ்வோர் அணுவறையும் தெரிந்தது.

காரணம் வெந்நீர் ஊற்று. ஏறக்குறைய 407 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், அதாவது நம் கணக்கில் நாற்பது கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன், அவ்விடத்தில் மணற்சத்து கரைந்த சூடான நீர் பொங்கி வழிந்தது. அது செடிகளை நனைத்து, அழுகும் முன்னரே கண்ணாடிபோல் இறுகிவிட்டது. நின்ற செடி நின்றபடி கல்லானது.

அக்கல்லை எடுத்து ஆராய்ந்தவர்கள் ராபர்ட் கிட்ஸ்டனும் வில்லியம் ஹென்றி லாங்கும். லாங் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர். இளமையில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்து பெரணி இனங்களைத் தேடியவர் என்று அறிந்தபோது, நம் காட்டு மண்ணைக் கிளறிய விரல்கள் அவை என்று எனக்குள் ஒரு சிறு மகிழ்ச்சி. 1917 முதல் 1921 வரை இருவரும் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டனர். அவற்றில் காட்டப்பட்ட ரைனியா என்னும் செடி ஏறத்தாழ ஒரு சாண் உயரம். வேர் இல்லை, மயிரிழைகள்தாம் உண்டு. இலை இல்லை. பச்சைத் தண்டு, அதன் நுனியில் சிதற்கூடு, அவ்வளவுதான். ஆனால் தண்டின் மேல் நீர் வற்றாமல் காக்கும் மெழுகுத் தோல் இருந்தது. அத்தோலில் திறந்து மூடும் நுண் துளைகள் இருந்தன. நடுவில் நீரை மேலேற்றும் குழல் இருந்தது. டாசன் பொய் சொல்லவில்லை என்பதை ஊரறிந்தது. அவர்தாம் அதைக் காண உயிரோடு இல்லை.

ரைனிக் கல்லில் இன்னும் பல இருந்தன. ஒரு செடியை முதலில் ரைனியாவின் அண்ணன் என்று எண்ணினர். அதன் குழல்கள் உண்மையான குழல்கள் அல்ல, நிலப்பாசியில் காணப்படுவன போன்றவை என்று தெரிந்ததும் 1986இல் அக்லாயோஃபைட்டான் என்னும் புதுப்பெயர் பெற்றது. 1994இல் அதே செடியின் தண்டுக்குள் ஒரு பூஞ்சை கண்டறியப்பட்டது. நோயாக வந்த பூஞ்சை அன்று; மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சிச் செடிக்குக் கொடுத்துச் செடியிடமிருந்து மாவுச்சத்தை வாங்கிக்கொள்ளும் பங்காளி. செம்பனையின் வேரிலும் ரப்பர் மரத்தின் வேரிலும் இதே வகைப் பூஞ்சை இன்றும் இதே வேலையைச் செய்கிறது. வேர் தோன்றும் முன்னரே வேருக்குத் துணை வந்துவிட்டது.

செடிகளின் முதல் தலைமுறையையும் பின்னர் ஜெர்மானிய ஆய்வாளர் வின்ஃபிரீட் ரெமி 1980 முதல் இக்கல்லிலேயே கண்டெடுத்தார். பெரணியின் தகடுபோல் அது தரையோடு கிடக்கவில்லை. தண்டும் துளையுமாக நிமிர்ந்து நின்றது. தொடக்கத்தில் இரு தலைமுறைகளும் இன்றுபோல் இவ்வளவு வேறுபட்டிருக்கவில்லை. பவர் சொன்னதில் ஒரு பகுதியைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. ரைனிக் கல்லில் மற்றொன்றும் கிடைத்தது. காராப் பாசி இனத்தைச் சேர்ந்த நன்னீர்ப்பாசி. கரையேறிய உறவும் நீரிலேயே தங்கிவிட்ட உறவும் ஒரே கல்லில்.

ரைனியைவிடப் பழைய செடியும் உண்டு. 1937இல் லாங் வேல்ஸ் எல்லைப்பகுதிப் பாறைகளிலிருந்து சில சென்டிமீட்டர் உயரமே உள்ள ஒரு செடியை விவரித்து, மெல்பர்ன் நகரத் தாவரவியலார் இசபெல் குக்சனைச் சிறப்பிக்கும் வகையில் குக்சோனியா என்று பெயரிட்டார். அயர்லாந்திலும் பிற இடங்களிலும் கிடைத்த அதன் மிகப் பழைய படிவங்களின் வயது ஏறத்தாழ 430 மில்லியன் ஆண்டுகள்.

அதற்கும் முன்? செடி அழுகிவிடும், ஆனால் சிதலின் தோல் அழுகாது. இயற்கையில் உள்ள மிக உறுதியான பொருள்களுள் ஒன்றால் ஆனது அது. பாறையைக் கடுமையான அமிலத்தில் கரைத்தாலும் சிதல் கரையாமல் எஞ்சும். 2003இல் ஓமான் நாட்டுப் பாறையிலிருந்து சிதல்கள் நிறைந்த கூட்டின் துணுக்குகளே கிடைத்தன. 2010இல் அர்ஜென்டினாப் பாறையில் ஏறத்தாழ 470 மில்லியன் ஆண்டுப் பழமையான சிதல்கள் அறிவிக்கப்பட்டன. 2021இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஏறத்தாழ 480 மில்லியன் ஆண்டுப் பழமையான சிதல்கள். அவற்றின் அமைப்பு நீர்ப்பாசிக்கும் நிலத் தாவரத்துக்கும் இடைப்பட்டது என்று ஆய்வாளர் கூறினர். குக்சோனியாவுக்கும் முதல் சிதல்களுக்கும் இடையே நாற்பது, ஐம்பது மில்லியன் ஆண்டுகள். அந்நீண்ட காலத்தில் வாழ்ந்த உடல்கள் பெரும்பாலும் மண்ணோடு மண்ணாயின. தூள் மட்டும் மிஞ்சியது.

இனி உப்பு நீருக்கு வருகிறேன்.

கல் எப்போது என்று சொன்னது. யாரிடமிருந்து என்று சொல்லவில்லை. அதைச் சொன்னவை உயிருள்ள அணுவறைகள். 1960களின் இறுதியிலிருந்து ஜெரமி பிக்கெட்-ஹீப்ஸ் என்பார் மின்னணு நுண்ணோக்கியின் துணைகொண்டு பச்சைப் பாசிகளின் அணுவறை எவ்வாறு இரண்டாகப் பிரிகிறது என்று பார்த்துக்கொண்டே போனார். நிலத் தாவரத்தில் புதிய சுவர் நடுவில் தொடங்கி வெளிப்புறமாக வளரும். பச்சைப் பாசிகள் பலவற்றில் வேறு முறை. ஆனால் நன்னீரில் வாழும் காராப் பாசியில் நிலத் தாவரத்தின் முறையே காணப்பட்டது. 1972இல் அவரும் மார்ச்சண்ட் என்பாரும் பச்சைப் பாசிகள் இரு பெருங்குடும்பங்கள் என்றும், அவற்றுள் ஒன்றே நிலத் தாவரத்தின் தாய்வீடு என்றும் முன்மொழிந்தனர். கடலோரப் பாறையில் காணும் பச்சைக் கடற்கீரை மற்றைய குடும்பத்தைச் சேர்ந்தது. தாய்வீட்டுக் குடும்பமோ ஏறத்தாழ முழுவதும் நன்னீரிலும் ஈரநிலத்திலும் வாழ்வது.

பின்னர் மரபணு ஆய்வு வந்தது, முடிவு உறுதியானது. நாம் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்கும் அகார்-அகார் சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. அது செடிகளுக்கு மிகத் தூரத்து உறவு. நீண்ட பழுப்புக் கடற்பாசிகள் உறவே அல்ல என்று சொல்லும் அளவுக்கு வேறான கிளை. நான் ஏணியின் முதற்படியில் வரைந்தது இந்தப் பழுப்புக் கடற்பாசியைத்தான்!

தாய்வீட்டில் நெருங்கிய உறவு யார் என்பதிலும் ஒரு திருப்பம். 2001இல் வெளிவந்த ஆய்வு காராப் பாசியைச் சுட்டியது. அது தண்டும் கணுவும் கொண்டு செடிபோலவே தோன்றுவது. எல்லாரும் எதிர்பார்த்த விடை. ஆனால் 2010க்குப் பின் மரபணுத் தரவுகள் பெருகப் பெருக விடை மாறியது. மிக நெருங்கிய உறவு ஸ்பைரோகைராவின் இனம். ஆம், குளத்தில் பச்சை மயிர்போல் மிதந்து கையில் எடுத்தால் வழுக்கும் அந்த நூற்பாசியின் இனமேதான். அதற்குத் தண்டுமில்லை, கணுவுமில்லை. நீந்தும் ஆணணுகூட இல்லை. மூதாதையிடம் இருந்த பலவற்றை அது இழந்துவிட்டது என்று கருதுகின்றனர். உருவத்தை நம்பி உறவைத் தீர்மானித்தவர்களுக்கு நல்ல பாடம்.

2019இல் அவ்வினத்தைச் சேர்ந்த இரு பாசிகளின் முழு மரபணுத் தொகுதியும் வெளியிடப்பட்டது. ஈரத் தரையில் வாழக்கூடியவை அவை. வறட்சியைத் தாங்குவதில் செடிகளுக்கு உதவும் மரபணுக்களுள் சில அவற்றிடம் முன்னமே இருந்தன. அதைவிட வியப்பு, அவற்றுள் சில மண்ணில் வாழும் பாக்டீரியாவிடமிருந்து பெறப்பட்டவை என்னும் முடிவு. செடி செடியாவதற்கு முன்பே, பாசியாக இருந்தபோதே, ஈரமண்ணோடு பழகியிருந்தது.

ஆக, அம்மாணவியின் கேள்விக்குரிய விடை இது. புல்லின் உடலுக்குள் உள்ள நீர் ஏறக்குறைய நன்னீர். வெளியே உப்பு மிகுந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியே இழுக்கப்பட்டு அது வாடிவிடும். உப்போடு வாழ்வது கடற்பாசிக்குக் கைவந்த கலை. பாட்டி வீட்டுப் புல்லின் மூதாதைக்கு அந்த வேலையே இருந்ததில்லை. அதற்கு வேறு துன்பம் இருந்தது. கடல் வற்றாது, குட்டை வற்றும். ஆண்டுதோறும் வெயிலில் குட்டை காய்ந்தபோது சேற்றில் கிடந்து அடுத்த மழைவரை தாக்குப்பிடித்தவை மட்டுமே பிழைத்தன. ஸ்பைரோகைரா இன்றும் கருவுற்றதும் தடித்த தோல் போர்த்திக்கொண்டு சேற்றில் காத்திருக்கிறது. அந்தத் தோலில், சிதல் அழியாமல் காக்கும் அதே வகை உறுதிப் பொருள் இருக்கிறது. கருவைக் காத்த போர்வையையே பின்னர் சிதலுக்குப் போர்த்தினார்கள் என்பது அறிஞர் சிலரின் கருத்து. வற்றிய குட்டையே பயிற்சிக் கூடம். கடலில் வாழ்ந்திருந்தால் அந்தப் பயிற்சி கிடைத்திருக்காது.

ஏணியில் இன்னொரு பிழையும் உண்டு. நிலப்பாசி பெரணியாக மாறவில்லை. 2018, 2019ஆம் ஆண்டுகளில் வந்த பெரிய ஆய்வுகளின்படி நிலப்பாசியும் அதன் உறவினரும் தனிக் கிளை. பெரணியும் மரமும் மற்றொரு கிளை. பாட்டியும் பேத்தியும் அல்லர், பங்காளிகள். ஆகவே இப்பொழுது நான் ஏணி வரைவதில்லை. கொடிவழி வரைகிறேன். தாத்தா, பாட்டி, சித்தப்பா, பெரியப்பா என்று நம் குடும்பங்களில் எழுதி வைப்போமே, அதுபோல. பிள்ளைகளுக்கு உடனே விளங்குகிறது.

இதைத் தொடக்கப்பள்ளியில் எவ்வளவு சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். பெயர்களும் ஆண்டுகளும் வேண்டா. பள்ளிக்குப் பின்புறம் கால்வாய் ஓரச் சுவரில் காய்ந்து சுருண்ட நிலப்பாசி இருக்கும். ஒரு துண்டைப் பெயர்த்து மேசையில் வைத்து நீர் தெளித்தால், பாட வேளை முடிவதற்குள் இலை விரித்துப் பச்சையாகிவிடும். பக்கத்தில் ஒரு போத்தலில் குளத்து நூற்பாசியை வைத்துவிட்டு இரண்டையும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். நூற்பாசியைக் காயவிட்டு நீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று ஒரு மாணவன் கேட்டான். ஊற்றிப் பார்த்தோம், அது எழவில்லை. பெற்றோர்களும் வீட்டில் செய்யலாம். பின்னர் கையைக் கழுவச் சொல்ல மறவாதீர்கள்.

நீந்தும் ஆணணு பற்றி ஒரு சிறு செய்தி விட்டுப்போயிற்று. நிலப்பாசியிலும் பெரணியிலும் ஆணணு இன்றும் நீரில் நீந்தியே முட்டையை அடைகிறது. விதை தரும் மரங்களில் இவ்வழக்கம் ஒழிந்துவிட்டது என்றே உலகம் எண்ணியிருந்தது. 1896இல் ஜப்பானில், தோக்கியோ பல்கலைக்கழகத்தில் தாவரப் படம் வரையும் பணியிலிருந்த சாகுகோரோ ஹிராசே, கிங்கோ மரத்தின் சூலுக்குள் ஆணணு நீந்துவதைக் கண்டார். அதே ஆண்டு சைக்கஸ் மரத்திலும் அது கண்டறியப்பட்டது. பனைபோல் தோன்றும், நம் வீட்டு வாசல்களில் தொட்டியில் அழகுக்கு வைக்கிறோமே, அந்தச் சைக்கஸ்தான். மரம் தரையில் நிற்கிறது. அதன் சூலுக்குள் ஒரு துளிக் குட்டை இன்னும் இருக்கிறது.

அம்மாணவி இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். அவளுடைய தம்பி இவ்வாண்டு என் வகுப்பில் இருக்கிறான். இக்கட்டுரைக்காக எழுதிய குறிப்பைச் சுருக்கி ஒரு தாளில் எழுதி, "அக்காவிடம் கொடு, டீச்சர் அன்றைக்குத் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்" என அவன் கையில் கொடுத்தனுப்பினேன். மறுநாள் அதே தாளின் பின்பக்கத்தில் பதில் வந்தது.

"நன்றி டீச்சர். நான் அதை மறந்தே போயிட்டேன். ஆனா ஒரு சந்தேகம். கடலோரத்துல சேத்துல பாக்காவ் மரம் நிக்குதே, அது மட்டும் எப்படி உப்புல வாழுது?"

பாக்காவ் என்பது நம் கண்டல் மரம். நிலத்துக்கு வந்து மரமாகி, பூத்து, அதன் பிறகு மீண்டும் கடலோரம் திரும்பிச் சென்ற குடும்பத்தைச் சேர்ந்தது. வேரிலேயே உப்பின் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்தக் கற்றுக்கொண்டது. இந்த முறை படித்துப் பார்த்து, சரிபார்த்த பிறகே எழுதினேன். நாளைக் காலை அவள் தம்பியிடம் கொடுத்தனுப்ப வேண்டும்.